கார் பாடிய நாட்டுப் பாட்டு

அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் நாங்கள் வாங்கிய பழைய காருக்கு ஒரு வியாதி இருந்தது. ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள். சாவியைத் திருகினால் எஞ்சின் உறுமுவதற்கு முன்பே ஒரு மனிதர் மூக்கால் பாடத் தொடங்கிவிடுவார். கன்ட்ரி என்கிற அந்த ஊர் கிராமத்துப் பாட்டைப் பாடும் யாரோ ஒருவரின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ சிடி அது. பிளேயருக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. சத்தத்தைக் குறைக்கலாம், ஆளை இறக்கிவிட முடியாது. பால் வாங்கப் போனாலும், மகளை டேகேரில் விடப் போனாலும், ஜும்ஆ தொழுகைக்குப் போனாலும் அவர் கூடவே வந்தார்.

காரை விற்ற அம்மாள் அவரைப் பற்றித்தான் அன்று கேட்டிருக்கிறார். அது இரண்டாயிரத்து ஒன்றின் கடைசி மாதங்கள், இரட்டைக் கோபுரங்கள் விழுந்த கையோடு. முக்காடோடு கடைக்குப் போனால் வரிசையில் நிற்பவர்கள் ஒரு தரம் திரும்பிப் பார்த்த காலம். என் வீட்டுக்காரர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் என்னிடம், “யூ லைக் கன்ட்ரி, ஹனி?” என்றார். இந்த நாட்டைப் பிடிக்குமா என்றுதான் என் காதில் விழுந்தது. “யெஸ், யெஸ். வீ லவ் திஸ் கன்ட்ரி வெரி மச்,” என்று பள்ளிக்கூட உறுதிமொழிபோல ஒப்பித்தேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, “வெல், மீ டூ,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வீடு வரும் வழியில் பாட்டு ஓடியதும் இவர் சிரிக்கத் தொடங்கினார். “ஏளா, அவங்க பாட்டைல்லா கேட்டிருக்காங்க. கன்ட்ரின்னா நாட்டுப் பாட்டு. நாட்டுக்கோழி மாதிரி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தில் சொன்னது பொய்யா, நிஜமா? அதுவும் புரியவில்லை. கல்யாணமான புதிதில் சென்னையில் வீடு தேடியபோது, எங்கள் பெயரைக் கேட்டதும் ஒரு ஓனர், “வீடு நேத்தே போயிடுச்சும்மா,” என்றார். ‘வாடகைக்கு’ என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. அப்போதும் பிறந்த நாட்டைப் பிடிக்குமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே கேட்டதற்குப் பயந்தேன். எது அந்நியம் என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

இரண்டு வருடம் கழித்து இவருடைய டெலிகாம் வேலை போனது, விசாவும் கூடவே போனது. சென்னைக்கே திரும்புவது என்று முடிவானதும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்திலா, துக்கத்திலா என்று இவர் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

காரை வாங்கிக்கொள்ள, சென்னையிலிருந்து புதிதாக வந்த கார்த்திக் என்ற பையன் வந்தான். உட்கார்ந்து சாவியைத் திருகினான். நம் ஆள் தொடங்கிவிட்டார்.

“என்ன பாட்டுக்கா இது?”

“நம்ம நாட்டுப் பாட்டுப்பா,” என்று வாயில் வந்துவிட்டது.

“நம்ம நாட்டுப் பாட்டா?” என்று திகைத்தான். “எந்த நாட்டக்கா சொல்றீங்க?”

இரண்டாவது சாவியையும் அவன் கையில் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே டிரைவ் பண்ணிக்கொண்டு போனான். ஃப்ரீவே திருப்பத்தில் கார் மறைந்து, சத்தமும் அடங்கியது. அடுத்த வரியை நான்தான் பாடிக்கொண்டு நின்றேன், மூக்கால்.