எல்லை தாண்டிய வேட்பாளர்

போன பார்லிமென்ட் தேர்தலில் எங்கள் தெருவிலிருந்தும் ஒருவர் நின்றார். நாலாவது வீட்டு சங்கரன் மாமா. சுயேச்சை. சின்னம் – தலையணை.

அவருக்கு ஒரே கொள்கைதான். மழை பெய்தால், திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்கிற தம்பானூரில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெல்லிக்குப் போய் சாக்கடையைப் பற்றிப் பேசுவீர்களா என்று கேட்டவர்களோடு அவர் இன்றுவரை பேசுவதில்லை.

திருவனந்தபுரம் தொகுதி எவ்வளவு நீளம் தெரியுமோ? வடக்கே கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் கம்பெனிகள், நடுவில் நகரம், ஒரு பக்கம் கடல், தெற்கே பாறசாலையில் தமிழ்நாட்டு எல்லை. சட்டசபைக்கு ஒரு கட்சி, பார்லிமென்ட்டுக்கு வேறு கட்சி என்று மாற்றிப் போடுகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. பெரிய கட்சிகளுக்கே பிடிபடாத இடம்... மாமா பிடித்துவிட்டதாக நினைத்தார்.

“பாறசாலைப் பக்கம் தமிழ் பேசறவா ஜாஸ்தி. அவாகிட்ட யாரும் தமிழ்ல வோட்டு கேக்கறதில்லை. நீ பேப்பர்ல எழுதறயோல்லியோ, மைக்கையும் பிடிச்சுக்கோ” என்றார்.

தெருமுனை ஆட்டோக்காரர் பிஜுவின் வண்டியில் மைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஹைவேயில் ஒரே டிராஃபிக். பிஜு ஏதோ குறுக்கு ரோட்டில் திருப்பினார். வாழைத்தோட்டம், ஒரு சர்ச், ஒரு டீக்கடை.

“இது பாறசாலை தன்னெ சாரே” என்று அடித்துச் சொன்னார் பிஜு.

மாமா இறங்கிப் பேச ஆரம்பித்தார். கூட்டம் சேர்ந்தது – நிஜமான கூட்டம். எங்கள் ஊர் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இங்கே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். தம்பானூர் தண்ணீர் என்றதும் தலைகள் ஆடின.

“உள்ளதுதான் ஐயா. பஸ்ஸ விட்டு எறங்கினா முட்டளவு வெள்ளம்” என்றார் டீக்கடை அக்கா.

மாமாவுக்குக் குரல் ஏறியது. “அப்போ, வோட்டு போடறச்சே தலையணையை மறந்துடாதீங்கோ.”

அக்கா தயங்கினார். பிறகு இடது ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். நகத்தில் மை.

“நாங்க போன வாரமே போட்டாச்சு ஐயா. இது தமிழ்நாடுல்லா? எங்களுக்க வோட்டு கன்னியாகுமரிக்கு.”

பெஞ்சில் இருந்தவர்களும் விரலைக் காட்டினார்கள். பிஜு குனிந்து ஆட்டோ டயரை ஆராயத் தொடங்கினார்.

மாமாவின் முகம் வாடிவிட்டது. மைக்கை என்னிடம் நீட்டினார். நான் என்ன பேச?

அக்காதான் பேசினார். “பாதியில நிறுத்தாதீங்க. அந்த வெள்ளத்துக்கு என்ன வழின்னு சொல்லிட்டுப் போங்க. அங்க வந்தா நாங்களும்தான நனையிறோம்?”

மாமா மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஓடை எங்கே அடைகிறது, எந்தப் பக்கம் வெட்டிவிட வேண்டும் – எல்லாம் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை. குறுக்குக் கேள்வி வேறு கேட்டார்கள். ஒரு ஓட்டும் கிடைக்காத அந்த இடத்தில் பேசியதைப் போல அவர் வேறெங்கும் சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

தோற்றார் – சொல்லவும் வேண்டுமா? ஆனால் பாறசாலையில் ஒரு பூத்தில், எங்கள் தெரு பூத்தைவிட அவருக்கு அதிக ஓட்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மகள்களுக்கு அம்மாக்கள் போன் போட்டிருக்கலாம். இல்லாவிட்டால், தினமும் பார்க்கிற ஆளைவிட ஒரு தடவை பார்த்த ஆளை நம்புவது சுலபமோ என்னவோ.

எங்கள் தெருவில் விசாரித்தால், எல்லோரும் அவருக்கே போட்டதாகச் சத்தியம் செய்கிறார்கள். மாமி மட்டும்தான் உண்மையைச் சொன்னார்.

“நான் போடலை. அவர் ஜெயிச்சு டெல்லிக்குப் போயிட்டா, ஆத்துல என்னோட யார் சண்டை போடுவா?”