கூரைக்குள் ஒரு எதிர்ச்சத்தம்

அந்த அலுவலகத்தில் ஏசி மெக்கானிக்கை எல்லாரும் டக்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கூரைக்குள் ஓடும் தகரக் காற்றுக்குழாய்தான் அவருடைய ராஜ்ஜியம். அந்தக் குழாய் பதினோரு வருஷமாக உறுமிக்கொண்டே இருந்தது. அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்தவள் அவருடைய மனைவி. கத்தினால்தான் பக்கத்து மேசைக்குக் கேட்கும். அந்தத் தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவாள். ‘உப்பு போதுமா?’ என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர் ‘போதும்’ என்பார்.

மனைவியின் தலைவலிக்கு மருந்தாக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அண்ணன் ஒரு கருவி செய்தார். குழாய்க்குள் ஒரு மைக் உறுமலைக் கேட்கும். ஒரு ஸ்பீக்கர் அதற்கு நேரெதிரான சத்தத்தைப் போடும். இரண்டும் மோதி ஒன்றையொன்று விழுங்கிவிடும். சத்தத்தைச் சத்தத்தால் அடிக்கப்போகிறாராம் என்று சிரிக்காத ஆளில்லை.

அன்று காலை ஏணி உச்சியில் நின்று ஸ்விட்சைப் போட்டார். உறுமல் சட்டென்று செத்தது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் யாரும் குரலைக் குறைக்கவில்லை. மனைவி பக்கத்து மேசைக்காரியிடம் முழுத் தொண்டையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நம்ம மேனேஜர் இருக்காரே...”

அவளுக்குப் பின்னால், என்ன அமைதி இது என்று பார்க்க வந்த மேனேஜர் நின்றிருந்தார். இடமாற்றப் பட்டியல் அவர் கையில் இருந்தது. அந்த வாக்கியம் எப்படி முடியும் என்பது அண்ணனுக்குத் தெரியும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பதுதான். இறங்கி ஓட நேரமில்லை. ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினார். கழிக்க வேண்டிய கருவி கூட்ட ஆரம்பித்தது. பழைய உறுமல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து மிச்ச வாக்கியத்தை முழுங்கியது. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினார்.

‘கருவி வேலை செய்யவில்லை’ என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார் அண்ணன். அடுத்த வாரம் வந்த இடமாற்றப் பட்டியலில் மனைவியின் பெயர் இல்லை.

எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவர் உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

“விடுங்க. எல்லா வேலையும் எல்லாருக்கும் வந்துடுமா?”

பஸ் மொத்தமும் திரும்பி அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்தது.

“வராதுதான்” என்றார் அவர்.