கரோல்பாக் மெஸ்ஸில் பேசியது

டெல்லி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, புது டெல்லி ரயில் நிலையத்தில் குரங்குக் குல்லாவும் ஆபீஸ் கோட்டுமாக நின்ற சித்தப்பாதான். நெருக்கடி நிலையின் நடுவே வந்த குளிர்காலம் அது. நூலகர்கள் மாநாட்டுக்காக எங்கள் கல்லூரியின் தலைமை நூலகரும், அவருக்கு உதவியாளராக இருந்த நானும் திருநெல்வேலியிலிருந்து போயிருந்தோம். பெட்டியை இறக்குவதற்குள் சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். மாநாட்டு கான்டீனில் டீயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே போடும் இட்லியை எறிந்தால் ஆள் விழுந்துவிடுவான். மத்தியான இடைவேளையில் ஜன்பத் மியூசியம், மறுநாள் பொம்மை மியூசியம். சாயங்காலம் கரோல்பாக்கில் நம்மூர்க்காரர் நடத்தும் மெஸ். மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர் சித்தப்பா. ஊரிலிருந்து யார் வந்தாலும் வாயையும் கண்ணையும் அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. சுவர்களிலும் பஸ்களிலும் பேச்சைக் குறைக்கச் சொல்லும் வாசகங்கள். பஸ் நிறைய ஜனம் இருந்தும் சத்தமில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவர்கள்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வாய் ஓயாமல் பேசியது நாங்கள் மட்டும்தான். டெல்லித் தமிழர்களுக்கென்று ஒரு சுகம் உண்டு. பக்கத்தில் நிற்பவனையே வைத்துக்கொண்டு அவனைப் பற்றித் தமிழில் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள்.

“இந்தா நிக்கானே, இவன் மூஞ்சியப் பாருங்க அண்ணாச்சி, இஞ்சி தின்ன கொரங்கு மாதிரி. திரும்புதானா பாருங்க!” என்றார் சித்தப்பா நூலகரிடம். “தாராளமாப் பேசலாம். இங்கன எவனுக்குத் தமிழ் தெரியும்?”

நூலகர் ஊரில் அளந்து பேசுகிறவர். பல மாதங்களாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் டெல்லியில் அவர் வாயில் வந்துவிட்டது. மியூசியத்தில் வெண்கலச் சிலைகளின் முன்னால் வெகுநேரம் நின்று ஆட்சியைத் திட்டினார். அன்று சாயங்காலம் மெஸ்ஸில், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே, நானே அதுவரை அறியாத ஒன்றைச் சொன்னார். சில பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் நூலகத்திலிருந்து எடுத்து ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அவர் ஒப்படைக்கவில்லை. எல்லாவற்றையும் வேளாண்மை இதழ்களின் அட்டைக்குள் வைத்து பைண்டு செய்து அலமாரியில் அடுக்கிவிட்டார். “வாழைச் சாகுபடின்னு போட்டிருக்கேன். எவன் எடுத்துப் பாக்கப் போறான்?” என்று சிரித்தார். சித்தப்பாவும் தொடையில் தட்டிச் சிரித்தார். பஸ்ஸில் பேசிய பழக்கத்தில், உட்கார்ந்திருப்பது தமிழ் மெஸ் என்பதை இருவருமே மறந்துபோனார்கள். எதிர் வரிசை முழுக்க சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், அத்தனை பேரும் தமிழர்கள். அவர்கள் சாப்பிடும் சத்தம் நின்றுபோனதை நான் கவனித்தேன். பரிமாறியவர்கூட எங்கள் இலைப் பக்கம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் எங்களைப் பொம்மை மியூசியத்துக்குக் கூட்டிப்போக சித்தப்பா மாநாட்டு வாசலில் காத்திருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் அவர் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றார். நெஞ்சில் மாநாட்டு அட்டை இல்லை. நேற்று மெஸ்ஸில் ரசம் எப்படி இருந்தது என்று இந்தியில் மிகவும் மரியாதையாகக் கேட்டார். சித்தப்பா “அச்சா தா ஜி” என்று, நன்றாக இருந்ததாகச் சொன்னார். வெண்கலச் சிலைகள் பிடித்திருந்தனவா என்பது அடுத்த கேள்வி. பிறகு அந்த மனிதர் நூலகர் பக்கம் திரும்பி, மதராஸ் ரயிலில் சாப்பாடு நன்றாக இருக்காது, கட்டிக்கொண்டு போவது நல்லது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மியூசியத்துக்குப் போகவில்லை. சித்தப்பா குரங்குக் குல்லாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்துத்தான் எனக்கு பயம் முழுதாகப் பிடித்தது.

சித்தி புளியோதரை கட்டிக் கொடுத்தாள். ரயிலில் அதை யாரும் தொடவில்லை. மதராஸ் சென்ட்ரலில் எங்கள் பெட்டி வாசலிலேயே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தூக்குச் சட்டியோடு நான் பிளாட்பாரத்தில் நிற்க, நூலகர் அவர்களோடு நடந்துபோனார். ஊருக்கு வந்தபோது வேளாண்மை அலமாரி காலியாக இருந்தது.

தேர்தல் முடிந்து, ஆட்சி மாறிய பிறகுதான் அவரை விட்டார்கள். பாதி உடம்பாக வந்தார். என்னிடம் அவர் முதலில் கேட்டது, “உங்க சித்தப்பா சௌக்கியமா?” என்பதுதான். அன்பாகத்தான் கேட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். சித்தப்பா காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். அந்த மெஸ்ஸில் எத்தனை காது இருந்தது! ஆனால் எங்கே சாப்பிடுவோம், எதைப் பார்ப்போம் என்று எங்களைத் தவிர முன்கூட்டியே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இப்போதும் என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் டெல்லி மாநாட்டுக்குப் போகும்போது, எங்கே சாப்பிடலாம், எந்த மியூசியம் பார்க்கலாம் என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அடுத்த முறை டெல்லியில் சித்தப்பாவின் லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்குப் போனபோது, சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

“அண்ணாச்சி என்னப் பத்தி எதுவும் கேட்டாகளா?”

“சௌக்கியமான்னு கேட்டாக, சித்தப்பா.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கல.”

பாதிச் சோற்றில் தட்டிலேயே கையைக் கழுவினார். “அதுக்கு அவுக என்னய நாலு வார்த்த ஏசியிருக்கலாம்லா,” என்றார்.