அரைவாசி திருப்பிய சாவி

பற்றரி விஷயத்தில் எனக்கு யாரும் புத்தி சொல்ல வரக்கூடாது என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. கரண்ட் இல்லாத சண்டைக் காலத்தில் வளர்ந்தவன் நான். லொறிப் பற்றரியில் ரீவி ஓட்டி, இன்னும் எத்தனை பாட்டுக்குப் படம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லுவேன். ஊரும் கேட்கும். அந்தத் திமிருக்கு நான் கொடுத்த விலை ஒன்றுமில்லை. கொடுத்தவன் என் சிநேகிதன்.

அவன் கிண்ணியாக்காரன். ஒரே பாடசாலையில் என்னோடு இருபது வருடம் படிப்பித்தவன். அவனுடைய ஒரே மகள் தாதி வேலைக்கு வெளிநாடு போக இருந்தாள். வீடு நிறையச் சொந்தக்காரர். இவனோ மூலைக்கு மூலை நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாப்பாவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்க அங்கிள். இவர் அழுறதப் பார்த்தா நான் போகமாட்டன்" என்று அவள்தான் என்னிடம் சொன்னாள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அவளை விமான நிலையத்துக்கு ஏற்ற வாகனம் வரும். எட்டு மணிக்கு முன்னம் வாப்பாவை வாசலில் இறக்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவனை என் வான் வண்டியில் ஏற்றினேன்.

சம்பூருக்கு அப்பால் சண்டை முடிந்து படையினரிடமிருந்து என் மாமனாருக்குத் திரும்பக் கிடைத்த காணி ஒன்று கடலைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. வீடு இல்லை, கரண்ட் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் லீவுக்குக் கூடாரம் அடிக்கிற இடம் அது. இந்த முறை நான் புதிதாக ஒரு குளிர்ப்பெட்டி வாங்கியிருந்தேன், வானின் சிகரட் லைற்றர் துளையில் வயரைச் செருகினால் ஐஸ் இல்லாமலே குளிர்கிற சாமான். மூதூரில் வாங்கிய அறுக்குளா மீனையும் மனைவிக்கு என்று வாங்கிய தயிர்ச் சட்டியையும் அதற்குள் வைத்தேன். சாவியை அரைவாசி திருப்பி விட்டால்தான் அந்தத் துளைக்குக் கரண்ட் வரும்.

பின்னேரம் அவன் தன்னுடைய போனை அதே துளையில் அரை மணித்தியாலம் போட்டு எடுத்தான். மகளோடு கதைக்க வேணுமே. எடுக்கும்போது கேட்டான்: "மச்சான், கொஞ்ச நேரம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி விடுவமா? பற்றரி இறங்கிராதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "டீசலுக்கு ரெண்டு நாள் கியூவில கிடந்தத மறந்திட்டியா? நிண்ட வாகனத்தில எஞ்சினை ஓட விடுறவன் விசரன்" என்றேன். அந்தத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு எங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரயில் கடவையில் ஒரு நிமிடம் நின்றாலும் எஞ்சினை நிறுத்துவோம். அவன் போய்ப் படுத்துவிட்டான். நான் குளிர்ப்பெட்டியின் வயரைத் திரும்பச் செருகிவிட்டு, மீன் பழுதாகாது என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

விடிந்ததும் அவன் தொழுவதற்காகக் கடற்கரைப் பக்கம் போனான். நான் சாவியைத் திருப்பினேன். டிக் என்ற ஒரு சத்தம். திரும்பவும் திருப்பினேன், அதுவும் இல்லை.

அப்போது நான் செய்ததை இன்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. எஞ்சினை மூடியிருந்த சீற்றைத் தூக்கிப் பார்க்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. முதல் வேலையாகக் குளிர்ப்பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, பாய்க்கு அடியில் வைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றியபடி வந்து கேட்டபோது, "பற்றரி இறங்கிட்டு" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. "என்ட போனாலயா மச்சான்?"

ஒரு போன் அரை மணித்தியாலத்தில் ஒரு வான் பற்றரியைக் குடிக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். "போனும் இழுக்கும்தான்" என்றேன்.

மணலில் வானைத் தள்ள ஏலாது. ஆனாலும் தள்ளினோம். அவன் என்னைவிட மூச்சைப் பிடித்துத் தள்ளினான், பிழை செய்தவன் தள்ளுவது போல. பிறகு சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் பக்கம் ஓடி, ஒரு உழவு மெசின்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். மெசின் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து எங்கள் எஞ்சின் இயங்கும்போது ஒன்பதரை. அதற்கு முன்பே மகள் போன் எடுத்துவிட்டாள். விமானத்துக்குப் பிந்திவிடும், வாகனக்காரர் நிற்கமாட்டாராம். அவன் வானுக்குப் பின்னால் நின்று, "போயிட்டு வாங்க மகள், வாப்பா வந்துட்டுதான் இருக்கன்" என்று பொய் சொன்னான். தயிர் கெடாமல் வீடு வந்து சேர்ந்தது. என்னால் அதைத் தொட்டுப் பார்க்கவும் முடியவில்லை.

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. அவள் இன்னும் லீவில் வரவில்லை. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது போனில் அவள் முகம் தெரிந்தது. அவன் போனை என்னிடம் தந்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குள் போனான்.

"அங்கிள், வாப்பா இன்னும் அந்தக் கதையத்தான் கதைக்கிறார். தன்ட போனாலதான் என்னைப் பார்க்கக் கிடைக்கல்லயாம். நான் சொன்னாக் கேக்கிறார் இல்ல. நீங்க சொல்லுங்க, அது அவர்ட பிழை இல்ல எண்டு."

"ஓம் மகள், சொல்றன்" என்றேன்.

அவன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தான். "அது உன்ட பிழை இல்ல மச்சான்" என்றேன். அதற்குப் பிறகு இன்னும் ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. நான் தேத்தண்ணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும் நீ இப்படித்தான் சொல்லுவாய் எண்டு" என்றான். "அண்டைக்கும் நீ என்னை ஒரு சொல் ஏசல்ல."