உதடு படாத ஒயின்

இதை எங்காத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

பாளையத்தில் சீமைச் சரக்கு விற்கும் கடையில் நான் குமாஸ்தா. வரும் ஒயின்களை முதலாளி ருசி பார்த்துச் சொல்வார். வாடிக்கையாளர்களுக்காக நான் அதை எழுதுவேன். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்துவிட்டது. சிசிலித் தீவிலிருந்து யாரும் பேர் கேட்டிராத ஒரு சிவப்பு ஒயின் வந்திருந்தது.

"நீரே குடிச்சுப் பார்த்து எழுதும்," என்றார்.

கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரன் நான். ஆனால் வேலையும் வேணுமே. எச்சில் படாமல் தண்ணீர் குடிப்போமே, அதே மாதிரி அண்ணாந்து தொண்டையில் ஊற்றிக்கொண்டேன். எரிந்தது. ருசி ஒன்றும் தெரியவில்லை.

கடைக்கு வந்திருந்த ஒரு பாதிரியார் இதைப் பார்த்துவிட்டார். சிசிலிக்காரர், கோட்டாற்றில் தமிழ் கற்றவர். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கோப்பையை எடுத்து என்னைப் போலவே அண்ணாந்தார். வெள்ளை அங்கியெல்லாம் சிவப்பு.

"உங்க வழி எனக்கு வரலை. எங்க வழியில நீங்க பாருங்களேன்."

முதல்முறையாகக் கோப்பையில் உதட்டை வைத்தேன். மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. நாவல்பழம். அப்புறம், வெயிலில் காய்ந்த கல்லில் முதல் தூறல் விழும் வாசனை. என்னையறியாமல் இதை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

பாதிரியார் கண்ணை மூடியிருந்தார். "அது எங்க வீட்டு முற்றம்," என்றார் மெதுவாக.

சாயங்காலம் மனைவி தண்ணீர் கொடுத்தாள். வழக்கம்போல் அண்ணாந்து குடித்தேன். தொண்டை நனைந்தது. உதடு மட்டும் காத்துக்கொண்டே இருந்தது.