அண்ணன் ஃபைல், தம்பி ஃபைல்

மரக்காணத்தில் எனக்கு மரியாதை உண்டு. சென்னையில் அரசுக் கணினிப் பிரிவு ஒன்றின் தலைமையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதுதான் காரணம். அங்கே நான் என்ன செய்தேன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. மரியாதை நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன உப்புப் பருவத்தில் ஓர் அண்ணனும் தம்பியும் என்னை அழைத்தார்கள். அடுத்தடுத்த உப்பளங்கள், நடுவே ஒரு பொது வரப்பு. அது யாருடையது என்று கோர்ட்டில் வழக்கு நடந்ததால் இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் கழுவெளி ஏரியின் உப்புத் தண்ணீரை இறைக்கும் இரண்டு மோட்டாருக்கும் கரண்ட் ஒரே இணைப்பில்தான் வந்தது. இரண்டும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். போகும்போதெல்லாம் வரப்பின் இரு பக்கமும் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல், பொதுவாக வானத்தைத் திட்டுவார்கள்.

அண்ணனின் மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. மோட்டார்களைத் தானாக மாறி மாறி ஓட வைத்துவிட்டால் போகலாம் என்று மாமனார் சொல்லியிருந்தார். புதுச்சேரியில் வேலை பார்க்கும் புருஷன் "அப்பா சொல்றது சரிதான்" என்றான். அவன் வேறு கருத்து எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதியிருந்தாள். அது சரியா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். உப்புக் கொட்டகையில் லேப்டாப்பைத் திறந்தாள். நிரல் தொடங்கும் முன்பே நின்றது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. அண்ணன் மோட்டாருக்கு ஒரு ஃபைல், தம்பி மோட்டாருக்கு ஒன்று. அண்ணன் ஃபைலின் முதல் வரி, "தம்பி மோட்டார் நின்றுவிட்டதா என்று பார்க்கும் செயல்பாட்டைக் கொடு" என்று தம்பி ஃபைலை அழைக்கிறது. தம்பி ஃபைல் கண் விழித்து, தன் முதல் வரியில் அண்ணன் ஃபைலிடம் அதையே கேட்கிறது. அண்ணன் ஃபைலோ இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. கேட்டது அங்கே பிறக்கவே இல்லை. கணினியின் நினைவகத்தில் பாதி ஏறிய ஃபைலிடம் இல்லாததைக் கேட்டால் மொழி மன்னிக்காது.

"ரெண்டுக்கும் பொதுவானதை மூணாவது ஃபைல்ல வைக்கணும். இது பாலபாடம் ஆச்சே" என்றேன்.

"தெரியும் சார். முதல்ல அப்படித்தான் எழுதினேன்."

"பொதுவாவா?" அண்ணன் துண்டை உதறினார். "பொதுன்னு வச்ச வரப்புக்கே கோர்ட்டுக்கு அலையுறேன். அவன் மோட்டாரு நின்னுச்சான்னு என் ஃபைலு அவன்கிட்டயே நேரா கேக்கட்டும்."

தம்பி என்னிடம் திரும்பினார். "அவர்கிட்ட சொல்லுங்க சார், எனக்கும் பொது கிது எதுவும் வேணாம். என் ஃபைலு மொதல்ல அவரைத்தான் கேக்கும். அந்தாளு மேல நம்பிக்கை கெடையாது."

ஃபைல் என்பதற்கும் பட்டா உண்டு என்று நினைத்த முதல் நிலச்சுவான்தார்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் இரண்டு ஃபைல்களின் முதல் வரியையும் வெட்டி, மோட்டாரைப் போடும் செயல்பாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். இப்போது ஏறும்போது எதுவும் எதையும் கேட்காது. இரண்டும் முழுதாக ஏறிய பிறகு, தேவைப்படும் நேரத்தில் மட்டும் கேட்கும். அழகான வழியல்ல. ஆனால் வேலை செய்யும்.

செய்தது. அண்ணன் மோட்டார் ஓடி நின்றது. தம்பி மோட்டார் பிடித்துக்கொண்டது. ஃபியூஸ் போகவில்லை. தம்பி ஏமாந்த முகத்தோடு வானத்தைப் பார்த்தார்.

"மாமா, திங்கக்கெழம ஜாயின் பண்ணணும்" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "சார், இது இப்படியே ஓடுமா? நிக்காதா?"

எந்த நிரலைப் பற்றியும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "நிக்கும். நிரலுக்குள்ள யாராவது ஒரு பேரை மாத்தினா போதும்."

"நின்னா யாரு பாக்குறது?"

"எழுதினவங்க. அதுதான் முறை."

"கேட்டியாம்மா? நீ போயிட்டு இது நின்னு போச்சுன்னா, மழைக்கு முன்னாடி உப்ப எவன் எடுக்குறது? ஓடட்டும், போலாம்."

"ஓடுது மாமா."

"நீ இருக்கறதால ஓடுது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க இங்கதான இருக்கீங்க. எல்லாம் சொல்லித் தரேன். ரெண்டு பேருக்கும் பொதுவா நீங்க பாத்துக்குங்க சார். அந்த மூணாவது ஃபைல் மாதிரி."

கெட்டிக்காரி. எனக்குச் சொல்லித் தரவும் ஒன்றும் இல்லை. அரை நாள் வேலை. ஆனால் இந்த வரப்பில் காலை வைத்தவன் கோர்ட்டில் சாட்சியாகத்தான் கரையேறுவான்.

"இந்தக் குடும்பத்துக்குப் பொது ஃபைல் ஆகாதுன்னு உங்க மாமா இப்பதானேம்மா சொன்னார்" என்றேன்.

அண்ணன் சிரித்தார். தம்பியும் சிரித்தார். அவர்கள் ஒன்றாகச் சிரித்து வருஷக்கணக்காகிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். இருவரும் தனித்தனியாக எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார்கள்.

அவள் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சென்னைக்குப் பேசினாள். "இல்ல மேடம், வர முடியல. வீட்ல..." என்று கேட்டது. அதற்குள் அண்ணன் மோட்டாரின் முறை வந்துவிட்டது. தம்பி மோட்டார் நின்றுவிட்டதா என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு, அது பெருஞ்சத்தத்தோடு ஓடத் தொடங்கியது.