பத்து மணிக்கு வந்தால் போதும்

எஸ்றாவைக் கேட்டால், கம்ப்யூட்டரும் குடும்பஸ்தர்களைப் போலத்தான், பீரோச் சாவியை வீட்டுக்கு வீடு வேறு வேறு இடத்தில் ஒளித்து வைக்கும் என்பார். தெரியாமல் சொல்கிறவர் இல்லை. தூத்துக்குடியில் வன்னியபெருமாள் அண்ணாச்சியின் கிளியரிங் ஆபீஸில் ஆறு வருஷமாக எட்டு மெஷின்களைக் கட்டி மேய்க்கிறவர் அவர்தான். துறைமுகத்துக்குப் போகிற, வருகிற சரக்குக்கெல்லாம் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்யும் ஆபீஸ் அது. எட்டு மெஷினும் எட்டுக் காலத்தில் வாங்கியவை. ஒன்றில் விண்டோஸ் டி டிரைவில் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் டெஸ்க்டாப் ஃபோல்டரே இடம் மாறிக் கிடக்கும்.

அதற்காகத்தான் போன மாதம் எஸ்றா ஒரு லாகின் ஸ்கிரிப்ட் எழுதினார். ஒருவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு நுழைந்தவுடன் அது சத்தமில்லாமல் ஓடும். அந்த மெஷினில் அவருடைய டெஸ்க்டாப் எங்கே, டாக்குமென்ட்ஸ் எங்கே என்று தேடிப் பிடித்து, முந்தின நகலை அழித்துவிட்டு, இருப்பதை இருக்கிறபடியே சர்வரில் நகல் எடுத்து வைக்கும். பழைய மெஷின்கள் திணறுமே என்று இரக்கப்பட்டு, ஒவ்வொரு மெஷினிலும் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓடினால் போதும் என்றும் எழுதியிருந்தார். சோதித்துப் பார்த்தபோது கனகச்சிதமாக ஓடியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி ஷெர்லியிடம் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்.

பேச்சு கொஞ்சம் கூடுதல்தான் அவருக்கு. அதிலும் ஒரு பெருமையை அவர் விடவே மாட்டார். ஆபீஸில் எல்லாரும் ஒன்பது மணிக்கு வரவேண்டும், எஸ்றா மட்டும் பத்து மணிக்கு வந்தால் போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அண்ணாச்சி தன் வாயால் சொன்னது. "உம்ம மாதிரி ஆளுக்கு மணி ஏதுவே? பத்து மணிக்கு வாரும், போதும்." நாசரேத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் இதைச் சொல்லாத பந்தி கிடையாது.

அப்படியிருக்க, கஸ்டம்ஸ் வேலை முழுவதையும் சுமக்கிற டிக்சனின் மெஷின் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மண்டையைப் போட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எஸ்றா பதறவில்லை. "நகல் இருக்குலா" என்று சிரித்துக்கொண்டே சர்வரைத் திறந்தார். டிக்சன் மெஷினுக்கான இடம் காலியாகக் கிடந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற மெஷின்களுக்கான இடமும் காலி.

அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏம்வே, தேடிப் பிடிச்சு வைக்கும்னு சொன்னீரு. என்னத்தப் பிடிச்சு வச்சிருக்கு? சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணும். இல்லன்னா மெட்ராஸ் கம்பெனிக்காரன் இந்தக் கம்ப்யூட்டர் வேலையக் கேட்டுட்டே இருக்கான், அவங்கிட்டயே குடுத்திருதேன்."

ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு ஆபீஸ் படியேற முடியுமா? எஸ்றாவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. ஸ்கிரிப்டை வரிவரியாகப் பார்த்தார். சி டிரைவா, டி டிரைவா, இடம் மாறிய ஃபோல்டரா, எல்லாவற்றையும் மறுபடி தேடச் சொன்னார். கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடியது, சர்வர் நிறைந்தது. மறுநாள் பத்து மணிக்கு வந்து பார்த்தால் பழையபடி அந்த ஒன்றைத் தவிர எல்லாம் காலி. ஸ்கிரிப்ட் தானே எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தால், "ஃபோல்டர் கிடைத்தது, நகல் எடுத்தாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை" என்று அது பாட்டுக்குச் சொல்கிறது. ஃபைல்களோ எதிரே திரையில் வரிசையாக நிற்கின்றன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது மனுஷனுக்கு. பேய் பிசாசை நம்பாத சபைக்காரர், புதன்கிழமை சர்வர் முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை, யார் நுழைந்தபோது ஓடியது என்று பெயரையும் எழுதிவைக்க ஒரு வரி சேர்த்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தார். மிச்சமிருந்த ஏழு மெஷினிலும் ஒரே பெயர்: செல்லக்கனி.

செல்லக்கனி பில் டைப் செய்கிற பெண், மூன்றாவது நாற்காலி. மற்ற ஆறு மெஷினில் அவளுக்கு என்ன வேலை? எஸ்றாவுக்குக் குழப்பம் இரட்டித்தது. அவளைத் தனியே அழைத்துத் திரையைக் காட்டினார்.

"இது என்னளா? நம்ம ஸ்கிரிப்டுக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "ஸ்கிரிப்டு மேல தப்பு இல்லண்ணே. காலையில நாந்தான் எல்லா மெஷினையும் என் பேர்ல ஒருதடவ திறந்து மூடுவேன். பெறவு அவங்கவங்க போட்டுக்கிடுவாவ."

"எதுக்கு?"

"கைராசிண்ணே. கடையில போணி பண்ணுத மாதிரி. அண்ணாச்சி உத்தரவு."

அண்ணாச்சியின் அப்பா ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். முதல் போணி நல்ல கையிலிருந்து வந்தால்தான் அன்றைய வியாபாரம் ஓடும் என்பது ரத்தத்தில் ஊறியது. ஆக, காலையில் முதலில் நுழைவது செல்லக்கனி. ஸ்கிரிப்ட் அவளுடைய ஃபோல்டரைத் தேடிப் பிடிக்கும், அவளுடைய சொந்த மெஷினைத் தவிர மற்றவற்றில் அது காலி, காலியை நகலெடுக்கும், இன்றைய வேலை முடிந்தது என்று படுத்துவிடும். அதற்குப் பிறகு டிக்சனே நுழைந்தாலும் அது கண் விழிக்காது. எஸ்றா வாய்விட்டுச் சிரித்தார். வாரம் முழுக்க நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

"இத முதல்லயே சொல்லக் கூடாதாளா? ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட நான் பாத்ததில்லையே."

செல்லக்கனி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிரணும்னு அண்ணாச்சி சொன்னாவ. நீங்க சேந்த அன்னைக்கு நீங்கதான எல்லாத்தையும் ஆன் பண்ணீங்க? அன்னைக்கு ரெண்டு கன்டெய்னர கஸ்டம்ஸ்ல மறிச்சிட்டாவ. மறுநாளும் நீங்கதான் போட்டீங்க, அன்னைக்கும் ஒண்ணு மாட்டிச்சு. அதுலேர்ந்துதான் உங்களுக்கு மட்டும் பத்து மணி..." அவள் முடிக்கவில்லை. "மனசுல வச்சுக்கிடாதீங்கண்ணே."

எஸ்றா சிரித்த முகத்தை உடனே மாற்றத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். பத்து மணி. மச்சினன் வீட்டுப் பந்திகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கைராசியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஆறு வருஷமாக ஆபீஸ் முழுக்கத் தெரிந்து, அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்ததை நினைக்க அவமானமாக இருந்தது, அழுகை வந்தது.

சனிக்கிழமை, ஒவ்வொருவர் நுழையும்போதும் தனித்தனியாக ஓடி அவரவர் பெயரில் நகலெடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றிக் காட்டினார். தப்பு எழுதினதில்தான் என்று சொன்னார். காலைப் போணியைப் பற்றி மூச்சுவிடவில்லை. அண்ணாச்சி சர்வரைப் பார்த்தார், நிறைந்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"மெட்ராஸ்காரனாவது, ஒண்ணாவது! நீரு எப்பவும் போல பத்து மணிக்கே வாரும்வே. உம்ம மாதிரி ஆளுக்கு மணி ஏது?"

"சரி அண்ணாச்சி" என்றார் எஸ்றா. வேலை நிலைத்துவிட்டது. ஷெர்லிக்குப் போன் பண்ணிச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை டிக்சனுக்குப் புது மெஷின் வந்தது. எஸ்றா மேஜைக்கடியில் புகுந்து எல்லா வயரையும் தன் கையாலேயே மாட்டினார். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோனார். அறையிலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிக்சன்கூட அவருடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்லக்கனி, இங்கன வா தாயி" என்றார். "நீயே போடு."

அவள் வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் பட்டனை அமுக்கினாள்.